காலில் விழச் சொல்லாதீர்கள்

மதுரைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சின்னக் குற்றங்களில் மாட்டிய பிள்ளைகளைக் காவல் நிலையமும், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமமும் எங்களிடம் அனுப்புவார்கள். கைது, எப்.ஐ.ஆர்., விசாரணை முடியும்வரை சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லம் என்று போகாமல், பொருளைப் பறிகொடுத்தவரையும் பிள்ளையையும் இரு குடும்பத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்து, உடைந்ததை எப்படிச் சரிசெய்வது என்று பேசுகிறோம். சீரமைப்பு நீதி என்று இதைச் சொல்கிறார்கள். இப்படி ஒரு சந்திப்பை நடத்திய அனுபவத்தையும், அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று நான் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. அதனால் ஊர், பெயர் எதுவும் இருக்காது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மல்லித் தோட்டம் ஒன்றில் கிணற்று மோட்டாரின் கேபிளை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் சாயங்காலம் கண்மாய்க் கரையில் கரும்புகை. ரப்பரை எரித்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்த மூன்று பையன்களை ஊர் இளவட்டங்கள் பிடித்துவிட்டார்கள். மூவரும் 14 வயது முடிந்தவர்கள், 17 ஆகாதவர்கள். கரண்ட் கம்பத்தில் கட்டிப்போடலாம் என்று பேச்சு கிளம்பியபோது யாரோ 100-க்குப் போன் அடித்ததால் பையன்கள் அடிபடாமல் தப்பினார்கள். முதல் நாள் உருவிய கம்பியைப் பழைய இரும்புக்கடையில் போட்டு 800 ரூபாய் வாங்கியிருந்தார்கள். புதுக் கேபிள் 6,000 ரூபாய்க்கு மேல். அது வந்து சேரும்வரை செடிக்குத் தண்ணீர் இல்லை, நல்ல வெயில் நேரம்.

அந்தக் காவல் நிலையத்தில் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருந்த எஸ்.ஐ.க்கு விதி தெரிந்திருந்தது. பலருக்குத் தெரிவதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் 8-ஆவது விதி இது: குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றமாக இருந்தால், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் இருந்தால் மட்டுமே சிறார்மீது எப்.ஐ.ஆர். மற்றதெல்லாம் காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவாக வேண்டும். கூடவே, பிள்ளையின் வீட்டுநிலை, படிப்பு, சேர்க்கை எல்லாம் அடங்கிய சமூகப் பின்னணி அறிக்கையை எழுதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தத் தேதியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பிள்ளையின் நலனுக்காகத் தேவைப்பட்டால் ஒழியப் பிடித்து வைக்கும் அதிகாரமே கிடையாது. லாக்கப்பில் ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு தண்டனை. ஆகவே இந்தக் கேபிள் விவகாரம் சட்டத்தின் கண்ணில் சிறு குற்றம்தான்.

ஆனால், கைது இல்லை என்றால் அடுத்து என்ன? இந்த இடத்தில்தான் நம் ஊரில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் சட்டென்று வந்து உட்காருவது பஞ்சாயத்து. பையனை நடுவில் நிறுத்து, அப்பனைத் திட்டு, அபராதம் போடு, காலில் விழவை, முடிந்தது. இதையும் நாங்கள் செய்வதையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கைதைத் தவிர்ப்பது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. பஞ்சாயத்தில் பேசுவது பெரிய மனிதர்கள். நட்டப்பட்டவர் ஒரு மூலையில் நிற்பார். நாங்கள் நடத்தும் சந்திப்பில் பெரிய மனிதர்களுக்கு வேலையே இல்லை.

1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஓர் இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலர், இவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே கூட்டிப் போகலாமே என்று நீதிபதியிடம் கேட்டார். அனுமதி கிடைத்தது. வீடுவீடாகப் போய்ச் சேதம் எவ்வளவு என்று கேட்டு, பிறகு பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நியூசிலாந்து 1989-இல் இதையே சிறார் சட்டத்தின் நடுத்தூணாக்கியது. அங்கே குடும்பக் குழுச் சந்திப்பு என்ற ஏற்பாட்டின் வழியாகத்தான் பெரும்பாலான கடுமையான சிறார் வழக்குகள் போகின்றன. மாவோரி மக்களின் கூடிப் பேசும் மரபு அதற்கு அடித்தளம். நம் சட்டத்தில் இப்படி ஒரு சந்திப்பு பெயர் சொல்லி எழுதப்படவில்லை. ஆனால், நீதிமன்ற நடவடிக்கைக்குப் போகாமல் வேறு வழியில் தீர்ப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்று 3-ஆவது பிரிவு சொல்கிறது. அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை என்று பல வழிகளை 18-ஆவது பிரிவு குழுமத்தின் கையில் கொடுக்கிறது. அந்த இடைவெளிக்குள் நின்றுதான் நாங்கள் வேலை செய்கிறோம். எங்கள் சந்திப்பு குழுமத்துக்குத் தெரிந்து நடக்க வேண்டும், முடிவும் எழுத்தில் குழுமத்துக்குப் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தோட்டக்காரப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அறுபதை நெருங்கிக்கொண்டிருப்பவர், தனியாள். பண விவரம் கேட்பதற்குள் அவரே சொன்னார்:

“கேபிள் போனா வாங்கிக்கலாம் சார். விடியக்காலம் மூணு மணிக்கு நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு ஒத்தையில வந்து பூப்பறிச்சவ நான். இப்ப ஒரு நாய் கொலச்சாப் போதும், நெஞ்சு அடிச்சுக்குது. ரெண்டு வாரமா விடிஞ்சுதான் வர்றேன். மொட்டு விரிஞ்சுபோகுது, மார்க்கெட்ல வெல இல்ல. எதுக்கு என் கெணத்தப் பாத்தானுங்க? எவனாச்சும் ஏவிவிட்டானா? அதச் சொல்லச் சொல்லுங்க.”

போலீஸ் புகாரில் இருந்தது கேபிளின் விலை மட்டும். அவர் உண்மையில் இழந்தது இருட்டில் தனியாகப் போகும் தைரியத்தையும் பத்து பதினைந்து நாள் பூ விலையையும். பையன்களை அன்றே கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியிருந்தாலும், “எதுக்கு என் கெணறு” என்ற அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்திருக்காது. குற்றவியல் விசாரணையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கப்போவதில்லை. எனக்கு இந்த வேலையில் இருக்கும் நம்பிக்கைக்கு முதல் காரணம் இதுதான். பையனுக்கு இரக்கம் காட்டுவது பிறகு.

பையன்களிடமும் தனித்தனியாகப் பேசினேன். மூன்று பேரையும் சேர்த்து வைத்துப் பேசினால் ஒருவன் முகத்தைப் பார்த்து இன்னொருவன் பேசுவான். “ஒரு வயருதானே சார்” என்றான் ஒருவன். தோட்டத்துக்குத் தண்ணீர் போகாது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லையாம். இன்னொருவன் அழுதுகொண்டே இருந்தான், பேச்சு வரவில்லை. நான் கேட்பது மூன்றே கேள்வி: என்ன நடந்தது? இதனால் யார் யாருக்கு என்ன ஆயிற்று? அதைச் சரிசெய்ய நீ என்ன செய்யலாம்? “ஏன் செய்தாய்” என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைத் தேடிச் சொல்வார்கள், அல்லது வாயை மூடிக்கொள்வார்கள்.

தனியாகப் பேசும்போது பிள்ளை “நான் எடுக்கவே இல்லை” என்று சொன்னால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். சந்திப்பு என்பது உண்மையைக் கண்டுபிடிக்கும் இடம் கிடையாது. அப்போது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று ஆசைகாட்டி ஒரு பிள்ளையைப் பேசவைப்பது பெரிய பாவம்.

எங்கே உட்காருவது என்பதில்தான் அதிகம் இழுபறி. மூன்று பையன்களும் காலனிப் பிள்ளைகள், பெரியம்மா ஊருக்குள் இருப்பவர். சாவடியில் வைத்துப் பேசுவோம் என்று ஊர்த் தரப்பில் சொன்னார்கள். அந்தச் சாவடித் திண்ணையில் பையன்களின் அப்பாக்கள் இன்றுவரை உட்கார்ந்ததில்லை. உட்கார முடியாத இடத்தில் ஒருவன் நியாயம் பேச முடியாது. அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பறையைத் தலைமையாசிரியர் சனிக்கிழமை திறந்துவிட்டார். மேசைகளை ஓரம்தள்ளி, பெஞ்சுகளை வட்டமாகப் போட்டோம். டீயை நானே பிளாஸ்கில் வாங்கிவந்து, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, ஒரே தட்டில் வைத்து அனைவருக்கும் நீட்டினேன். பெரியம்மா ஒரு நொடி டம்ளரைப் பார்த்தார், பிறகு எடுத்துக்கொண்டார். பையனின் அம்மா அவர் குடித்த பிறகுதான் குடித்தார். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இந்த வேலைக்கு வர வேண்டாம். எஸ்.ஐ. சாதாரண உடையில் வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஊர்ப் பிரமுகர்கள் இருவர் கேட் வரை வந்தார்கள். தலைமையாசிரியர் பேசி அனுப்பிவைத்தார்.

பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன், யாரும் யார் காலிலும் விழக் கூடாது என்று. இருந்தாலும் பேச ஆரம்பித்ததுமே ஒரு அப்பா, “விழுடா, ஆத்தா கால்ல விழுடா” என்று பையனின் பிடரியைப் பிடித்துவிட்டார். நான் எழுந்து நடுவில் நின்று, “உக்காருங்கண்ணே. அவன் உக்காந்தே சொல்லட்டும்” என்றேன். காலில் விழுவது எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கிறது. விழுந்த பிள்ளை எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நட்டப்பட்டவர் மேற்கொண்டு எதையும் கேட்க முடியாது, பார்ப்பவர்களுக்கு நியாயம் நடந்த மாதிரி இருக்கும். அதிலும் ஒரு காலனிப் பையன் ஊர்க்காரர் காலில் விழுந்தால் அது மன்னிப்பாகவே இருக்காது. பல தலைமுறையாக நடந்த ஒன்று இன்னொரு முறை நடந்தது, அவ்வளவுதான்.

பெரியம்மாதான் கேட்டார்: “எத்தன மணிக்கு வந்தீக?”

“ஏழு, ஏழரை இருக்கும்மா. நீங்க வீட்டுக்குப் போறதப் பாத்துட்டுத்தான் எறங்குனோம்.”

“விடியக்கால நான் இருக்கப்ப?”

“அப்ப யாரும் வரலம்மா. போன வருசம் எங்கம்மாகூடப் பூவெடுக்க வந்தேன்ல. பொழுது சாஞ்சா அங்க ஆளிருக்காதுன்னு தெரியும். அதான்.”

“வேற யாரும் சொல்லிவிடலையே?”

“இல்லம்மா.”

இவ்வளவுதான் காரணம். பகையும் இல்லை, ஏவலும் இல்லை. அந்தப் பதிலைக் கேட்டபோது பெரியம்மாவின் தோள் தளர்ந்து இறங்கியதை அறையில் எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபமே வந்தது. தண்ணீர் இல்லாமல் செடி வாடியதை, மார்க்கெட்டில் விரிந்த பூவை ஏஜெண்ட் தள்ளிவைத்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். “ஒரு வயருதானே” என்று சொன்ன பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முழுதாகக் கேட்டான். நான் குறுக்கே பேசவில்லை. நட்டப்பட்டவர் கோபப்படும்போது அவரைச் சமாதானப்படுத்த ஓடாதீர்கள். வசை சாதிப் பக்கமோ தாய் தகப்பன் பக்கமோ திரும்பினால் மட்டும் நிறுத்துங்கள்.

என்ன செய்வது என்ற பேச்சில், ஊரிலிருந்து முன்பே ஒரு யோசனை வந்திருந்தது: ஒரு மாதம் பையன்கள் பெரியம்மா தோட்டத்தில் சும்மா வேலை செய்யட்டும். கேட்க நியாயமாகத் தெரியும். கடனுக்கு ஈடாகக் காலனிப் பிள்ளைகள் ஊர்க்காரர் நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பதை ஒழிக்கத்தான் 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே வந்தது. அந்த யோசனையை உள்ளே நுழையவே விடவில்லை. ஆனால், அழுதுகொண்டிருந்த பையன் தானாக ஒன்று சொன்னான்: கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் பூமிக்கடியில் புதைத்துவிட்டால் யாரும் வெட்ட முடியாது, அந்தப் பள்ளத்தை நாங்கள் வெட்டுகிறோம் என்று. பெரியம்மா சம்மதித்தார். இதற்கு நானும் ஒப்புக்கொண்டேன், காரணம் இதற்கு ஒரு முடிவு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாக்களும் எலக்ட்ரீஷியனும் கூட இருக்க, மதியத்துக்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்று எழுதினோம். கேபிள் பணத்தை மூன்று குடும்பமும் சமமாகப் பிரித்து மூன்று தவணையில் கொடுப்பது, எந்தத் தேதி, யார் கையில், ரசீது யார் எழுதுவது எல்லாம் தாளில் ஏறியது. “இனி ஒழுங்காக இருப்பேன்” மாதிரி வரிகளை நான் எழுத விடுவதில்லை. அதை யாராலும் சரிபார்க்க முடியாது, என்றைக்கு வேண்டுமானாலும் மீறிவிட்டான் என்று சொல்ல முடியும்.

இரும்புக்கடைக்காரர் இந்த வட்டத்தில் இல்லை. எரித்த செம்பைப் பள்ளிக்கூடப் பையன்களிடம் வாங்கிய பெரிய மனிதருக்குச் சமரசம் எதற்கு? எஸ்.ஐ. அவர்மீது தனியாக நடவடிக்கை எடுத்தார். சிறாரைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவில் 7 ஆண்டுவரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. கம்பித் திருட்டு நடக்கும் ஊர்களில் பிள்ளைகளைத் துரத்துவதற்கு முன்னால் வாங்குகிறவர் யார் என்று தேடினாலே பாதித் திருட்டு நின்றுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட குழுமம், எங்கள் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு, ஆலோசனையும் சில வாரச் சமூக சேவையும் சேர்த்து உத்தரவு போட்டது. சேவை ஒரு முதியோர் இல்லத்தில். இரண்டு பையன்கள் முழுதாக முடித்தார்கள். மூன்றாமவன் பாதியில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நன்னடத்தை அலுவலர் போய்க் கூட்டிவந்தார், திரும்பவும் போனான். அவன் தவணையை அவன் அம்மாதான் கட்டினார். இதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சந்திப்பு எல்லாப் பிள்ளையையும் மாற்றிவிடாது. அவன் வீட்டில் இருந்த கடன் இந்தத் திருட்டுக்கு முந்தியது. பெரியம்மா இப்போது மறுபடி மூன்று மணிக்குப் போகிறார், துணைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு.

எல்லாக் குற்றத்துக்கும் இது பொருந்தாது. பாலியல் குற்றம், சாதி வன்கொடுமை, வீட்டு வன்முறை ஆகியவற்றில் “பேசித் தீர்க்கலாம்” என்று யார் வந்தாலும் வெளியே அனுப்பிவிடுங்கள். 2015-இல் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்குச் சமரச மையத்துக்குப் போகச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன் கிடைத்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. இத்தகைய வழக்கில் சமரசம் என்ற பேச்சே கூடாது என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னதும் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்கும் உறவில், வட்டமாக உட்காருவதே கீழே இருப்பவர்மீது இன்னொரு அழுத்தம். திருட்டு வழக்கிலும் நட்டப்பட்டவர் வர மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. ஒரு செல்போன் கடைக்காரர், “அவன் மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்ல, காசு மட்டும் வரட்டும்” என்றார். அது அவர் உரிமை. காசு போய்ச் சேர்ந்தது, சந்திப்பு நடக்கவில்லை.

பெற்றோருக்குச் சில விஷயங்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்பது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையின் வயதுக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ கையோடு கொண்டுபோங்கள். அடித்தாலோ ராத்திரி வைத்துக்கொண்டாலோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.

முக்கியமாக, ஸ்டேஷன் வாசலிலேயே யாரையாவது பிடித்துப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குத் தலைவலி போன மாதிரி இருக்கும். ஆனால், எழுத்தில் எதுவும் இல்லாததால் விஷயம் முடிந்ததற்கும் சாட்சி இருக்காது. அடுத்த தெருவில் சைக்கிள் காணாமல் போனாலும் உங்கள் பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். குழுமம் வழியாகப் போனால் விஷயத்துக்கு முற்றுப்புள்ளி விழும். சிறு குற்ற விசாரணையைப் பிள்ளை முதல்முறை ஆஜரானதிலிருந்து 4 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். குழுமம் இன்னும் 2 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் நடவடிக்கையே ரத்து. முடிந்த வழக்கால் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது, மேல்முறையீட்டுக் காலம் கழிந்ததும் ஆவணங்களை அழிக்க வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. சிறுவயது வழக்கைக் காட்டி மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை ஒருவருக்கு வேலை மறுத்தபோது, அது செல்லாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பள்ளியில் டி.சி. கொடுத்து அனுப்பப் பார்த்தாலோ, பின்னாளில் போலீஸ் சரிபார்ப்பில் யாராவது பழைய கதையைக் கிளறினாலோ, இந்தப் பிரிவையும் இந்தத் தீர்ப்பையும் எழுத்தில் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது.